சுவரில் இரண்டு தட்டு

அந்த வருஷம் முட்டைக்கோஸ் பீப்பாயை எங்கே வைப்பது என்ற கேள்வியில்தான் எல்லாம் வெளியே வந்தது. அதுவரை எங்கள் மாடியில் யாரும் புரோகோர் ஷூபினைப் பற்றி வாய்விட்டுப் பேசியதில்லை.

வடகோடியில், ஆற்றோரத்து ஸோலம்பலாவில் மர அறுவை ஆலைக்குப் பின்னால் இருந்த மரவீடு எங்களுடையது. மேல்தளத்தில் மூன்று குடித்தனம், ஒரே சமையலறை. வாசல் மணியை ஒரு முறை அடித்தால் ரிம்மா பாவ்லவ்னாவுக்கு, இரண்டு முறை அடித்தால் அம்மாவுக்கும் எனக்கும், மூன்று முறை அடித்தால் ஷூபின் வீட்டுக்கு. நடையின் கடைசியில், சமையலறைச் சுவரை ஒட்டி, ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று உண்டு. உள்ளே படுத்துக் காலை நீட்டினால் பாதம் கதவில் இடிக்கும். குளிர்காலம் முழுக்க மூன்று வீட்டு முட்டைக்கோஸும் உப்பில் ஊறிக்கொண்டு அங்கேதான் இருக்கும். அந்த வருஷம் அங்கே புரோகோர் இருந்தார்.

அவர் ஜூலையில் திரும்பி வந்திருந்தார். வடக்கே, கடலுக்கு நடுவில் ஒரு தீவில் வானிலைக் குடிசை. அங்கே இரண்டு ஆட்கள்தான். காற்றையும் குளிரையும் அளந்து வானொலியில் சொல்வது வேலை. இரண்டு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்தார். அவர் வருவதற்காக அவர் மனைவி தயீஸியா அக்கா அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுத் திரை தைத்துப் போட்டிருந்தாள். முதல் ராத்திரி அவர் அறையில் படுத்தார். அடுத்த நாள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் படுத்தார். அந்த வாரமே மான்தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு அது வினோதமாகப் படவில்லை. ஜூலையில் எங்கள் ஊரில் இருட்டு என்பதே கிடையாது. தூக்கம் வராதவர்கள் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுவார்கள். இவர் இருட்டு அறையைத் தேடிப் போயிருக்கிறார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டோம். ஆகஸ்டில் இருட்டு வந்தது. செப்டம்பரில் மழை பிடித்து, மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டிய நாட்களும் வந்தன. அவர் வெளியே வரவில்லை.

வரவில்லை என்று சொல்வதும் சரியில்லை. விடியற்காலையில் எழுந்து மூன்று வீட்டுக்கும் விறகு பிளந்து போடுவார். தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ஆற்றுப் பக்கம் போய், அறுக்க வரும் மரத் தெப்பங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டால் பதில் சொல்வார், கேட்டதற்கு மட்டும். நாங்கள் எழுந்து சமையலறைக்கு வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். தயீஸியா அக்கா கதவருகே முக்காலியில் தட்டை வைத்துவிட்டுப் போவாள். காலித் தட்டு கழுவித் துடைத்து அதே முக்காலியில் இருக்கும்.

அப்புறம் தட்டல் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் சுவர் என்பது பலகை. ஒரு அறையில் இருமினால் அடுத்த அறையில் உடம்பு எப்படி என்று கேட்பார்கள். அதனால் சுவரைத் தட்டுவது ஒரு சட்டம் மாதிரி. வானொலி சத்தமா, சண்டையா, சிரிப்பா, எதுவாக இருந்தாலும் பக்கத்து அறைக்காரர் துடைப்பக் கட்டையால் இரண்டு தட்டு தட்டினால் குறைத்துக்கொள்ள வேண்டும். ரிம்மா பாவ்லவ்னா டிராமில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் அம்மா வெங்காயம் நறுக்கும் சத்தத்துக்கே தட்டுவார்.

சாயங்காலம் நாங்கள் எல்லாரும் சமையலறையில் கூடியிருக்கும்போது சாமான் அறைச் சுவரிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. மெதுவாகத்தான். பேச்சை நிறுத்தினோம். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு. தயீஸியா அக்கா முகம் சிவந்துபோய், கொதிக்கும் சூப்பை அடுப்பின் ஓரத்துக்கு நகர்த்தினாள், கொதிப்பதும் ஒரு சத்தம் என்பது போல. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ரிம்மா பாவ்லவ்னாவுக்கு அது பெரிய அவமானம். "நாப்பது வருஷமா நான் தட்டிட்டிருக்கேன். எனக்கே ஒருத்தன் தட்டறான்" என்றார், அதையும் தணிந்த குரலில்தான். தயீஸியா அக்கா நாற்காலிக் கால்களுக்குப் பழைய கம்பளித் துண்டை ஒட்டினாள். ஆலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். பாத்திரம் கழுவும்போது முனகிக்கொண்டே பாடுவது அவள் வழக்கம். அதை விட்டாள். சமையலறையில் எல்லாரும் ஜாடையிலேயே உப்புக் கேட்க ஆரம்பித்தோம்.

பகல் முழுக்க வலைத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, மாலைப் பள்ளி இல்லாத நாட்களில் நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். அப்படி இருந்ததால் ஒன்றைக் கவனித்தேன். யாரும் இல்லாமல் வானொலி மட்டும் கத்திக்கொண்டிருந்தால் அவர் தட்டுவதில்லை. நான் மட்டும் ஜியோமெட்ரி படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு தரையில் ஸ்கேலைத் தவற விட்டாலும் தட்டுவதில்லை. ஆட்கள் சேர்ந்து, தேநீர் ஊற்றி, பேச்சு களைகட்டும்போதுதான் தட்டினார். சத்தம் பிடிக்காதவர் வானொலியை ஏன் பொறுத்துக்கொள்கிறார் என்று யோசித்தேன். கணக்குப் பாடத்தில் பாதி வழியில் நின்றுவிடுவது போல இதிலும் நின்றுவிட்டேன். எனக்கே நிச்சயமில்லாததை யாரிடம் போய்ச் சொல்வது.

ஒரு நாள் விறகுக் கொட்டகையில் தயீஸியா அக்காவுக்கு விறகு அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் தட்ட மாட்டார்கள் என்பதாலோ என்னவோ அவள் பேசினாள்.

"ஸீமா, நீ படிக்கிற பொண்ணு. சொல்லு. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீங்க என்ன பண்ணீங்க அக்கா?"

"அதத்தான் தேடிட்டிருக்கேன். வந்த அன்னிக்கு நெறைய பேசிட்டேனோ. ரெண்டு வருஷத்துப் பேச்சு, சேத்து வெச்சிருந்தேன். அவரு கேட்டுட்டே இருந்தாரு. நடுவுல ஜன்னல் பக்கம் பாத்தாரு. அப்பவே நிறுத்தியிருக்கணும்."

ஒரு கட்டையை எடுத்து, அதன் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தாள். ஆலையில் பலகை தரம் பிரிக்கிறவள். மரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

"கடைசிக் கப்பல் இந்த மாசம் போவுது. ஆறு உறையறதுக்கு முன்னாடி. தீவுக்கு ஆள் எடுக்கறாங்க. அதுல ஏறிட்டாருன்னா இந்தத் தடவ திரும்பி வர மாட்டாரு. ஆளக் கப்பல் கொண்டுவந்து விடும், அது வேற விஷயம். அவரு வர மாட்டாரு."

"போகாதீங்கன்னு சொல்லுங்களேன்."

"எதுக்கிட்ட சொல்றது, கதவுக்கிட்டயா? ஒரு நாள் தட்டு வெக்கும்போது சொன்னேன். சரின்னாரு. எதுக்குச் சரின்னு யாருக்குத் தெரியும்."

முட்டைக்கோஸ் நறுக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரிம்மா பாவ்லவ்னா ஆலை வண்டிக்காரனைப் பிடித்து மூன்று வீட்டுக்கும் சேர்த்து மூட்டை இறக்கியிருந்தார். மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, நால்வரும் உட்கார்ந்தோம். காரட்டைத் துருவுவது என் வேலை. பீப்பாயைக் கொதிநீர் விட்டுக் கழுவி, அடியில் கறுப்பு ரொட்டியின் ஓரத்தைப் போட்டு வைத்திருந்தாள் அம்மா. நறுக்கும் சத்தத்தை மட்டும் யாராலும் ஒளிக்க முடியவில்லை. தயீஸியா அக்கா கத்தியை அழுத்தி அழுத்தி, பலகையில் படாமல் நறுக்கப் பார்த்தாள்.

"இதெல்லாம் நறுக்கி எங்க வெக்கப்போறோம்?" என்று ரிம்மா பாவ்லவ்னா கேட்டார். கத்திகள் நிற்காமல் ஓடின. "இல்ல, கேக்கறேன். எனக்குப் புருஷன் இல்ல. முட்டைக்கோஸ்தான் இருக்கு. உன் புருஷனுக்கு ஒரு அறை இருக்கு, என் முட்டைக்கோஸுக்கு இல்ல."

"நம்ம அறையில வெச்சுக்கலாம் பாவ்லவ்னா. ஜன்னல் பக்கம் குளுமையாத்தான் இருக்கும்" என்றாள் தயீஸியா அக்கா.

"வெச்சிக்கோ. புருஷனையும் பீப்பாயையும் இடம் மாத்திட்டேன்னு ஊர்ல சொல்லிக்கலாம்."

அப்போது வாசல் மணி அடித்தது. மூன்று முறை.

வந்தவர் தாடிக்காரர். தோளில் பை, கையில் சதுப்புநிலத்து மஞ்சள் பழம் நிறைந்த ஜாடி. லுக்யான் என்று பெயர் சொன்னார். குடிசையில் புரோகோரோடு இருந்த அந்த இரண்டாவது ஆள். வந்து உட்கார்ந்த வேகத்தில் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார். பேச்சு கொட்டியது. ரயிலில் பக்கத்து ஆள் காலணியைத் திருடிக்கொண்டு போனது, தங்கைக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது, ஊரில் ஆப்பிள் அழுகி விழுந்துகிடப்பது. சத்தம் வேண்டாம் என்று அம்மா ஜாடை காட்டினாள். அவருக்கு அது புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ரிம்மா பாவ்லவ்னாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சமையலறையில் சிரிப்புக் கேட்டு.

தயீஸியா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றி, மீன் பணியாரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, எதற்காக வந்தீர்கள் என்று நேராகவே கேட்டாள்.

"புரோகோரக் கூட்டிட்டுப் போகத்தாம்மா. தீவுல யாரு கூட இருக்கேன்னு கேட்டாங்க. வேற யாரு பேரச் சொல்லுவேன். நாளைக்கு வானிலை ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

அவள் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் தட்டல் கேட்டது. இரண்டு.

நாங்கள் நால்வரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தோம். லுக்யான் பணியாரத்தை மென்றுகொண்டே, எங்களைக் கவனிக்காமல், கையில் இருந்த கரண்டியை நீட்டி அடுப்பின் இரும்புக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். ஈயை விரட்டுவது போல, யோசிக்காமல்.

சாமான் அறைத் தாழ்ப்பாள் நகர்ந்தது. புரோகோர் சமையலறை வாசலில் வந்து நின்றார். சுத்தமான சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். லுக்யானைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மேசை முனையில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து முட்டைக்கோஸ் நறுக்க ஆரம்பித்தார்.

"என்னய்யா இது?" என்றார் ரிம்மா பாவ்லவ்னா.

"எது?" என்றார் லுக்யான்.

"இப்பத் தட்டுனியே, அது."

லுக்யான் கரண்டியைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். தாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அது ஒண்ணுமில்லம்மா. குடிசையில ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு பலகை மறைப்பு, படுத்தா கால் கதவுல இடிக்கும். மொதல் குளிர்காலத்துல எல்லாத்தையும் பேசித் தீத்துட்டோம். இவன் சின்ன வயசுல தண்ணில விழுந்த கதை எனக்கு இவன விட நல்லாத் தெரியும். நான் ஆரம்பிச்சா இவன் முடிப்பான். அப்புறம் என்னத்தப் பேச. தட்டுவோம். ரெண்டு தட்டுனா, வரட்டுமான்னு கேக்கறது. அந்தப் பக்கம் திருப்பித் தட்டுனா, வான்னு அர்த்தம். தட்டலன்னா அவனுக்கு இப்ப ஆள் வேண்டாம். விட்டுடணும். கோவமில்ல, வருத்தமில்ல. ஒரு தடவ பதில் வராமலே நான் கதவத் தெறந்துட்டேன், இவன் சுடுதண்ணிக் கெட்டிலத் தூக்கிட்டான். அப்படியே நின்னோம், ரெண்டு பேரும். அதுக்கப்புறம் யாரும் அப்படித் தெறக்கல. வெளியிலேர்ந்து வந்தாலும் தட்டிட்டுத்தான். கரடி கதவ இடிக்கும், சொரண்டும். ரெண்டு தட்டு தட்டிட்டுக் காத்துட்டு நிக்காது."

அவர் சொல்லி முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா காரட்டுத் துருவலைக் கையால் கூட்டிச் சேர்த்தாள். வெறும் வானொலிக்கு அவர் தட்டாததை நான் நினைத்துக்கொண்டேன்.

"அப்ப இத்தன நாளா" என்று தயீஸியா அக்கா ஆரம்பித்தாள். புரோகோர் பக்கம் திரும்பினாள். "நீங்க வரட்டுமான்னு கேட்டுட்டிருந்தீங்க. நாங்க வாய மூடிட்டு ஒக்காந்திருந்தோம்."

"தட்டுனேன். பதில் இல்ல" என்றார் புரோகோர்.

"வாயால கேட்டா என்ன?"

அவர் நறுக்குவதை நிறுத்தினார். பதிலைத் தேடுகிறவர் மாதிரி இல்லை. பதில் தயாராக இருந்தது, அதைச் சொல்லலாமா என்று பார்ப்பவர் மாதிரி இருந்தார்.

"வாயால கேட்டா உன்னால வேண்டாம்னு சொல்ல முடியாது, தயா."

அவள் எழுந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் வந்தது கோபம்.

"நான் ஒங்களுக்குப் பொண்டாட்டி. என் வீட்டுல, எம் புருஷன் சூப்பு குடிக்க வர்றதுக்கு, நான் கரண்டிய எடுத்துத் தட்டணுமா? நீங்க தட்டுனா நான் தட்டணும், தட்டலன்னா நாளெல்லாம் உள்ளயே கெடப்பீங்க. அப்படித்தானே. அந்தத் தீவுலயே இருந்துக்கோங்க. அங்கதான் ஒழுங்காத் தட்டறாங்க."

மேல்கோட்டை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். இருந்த முட்டைக்கோஸையெல்லாம் நாங்கள் நறுக்கி முடித்தோம். புரோகோர்தான் உப்புப் போட்டுப் பிசைந்தார். அவர் கை பெரியது, அளவு தெரிந்த கை. லுக்யான் பேசவில்லை. எதிரெதிரே உட்கார்ந்த அந்த இரண்டு பேரையும் பார்த்தால், வேறு யாரும் தேவையில்லாத ஒரு வீடு மாதிரி இருந்தது. எனக்கு அது பயமாக இருந்தது.

மறுநாள் காலை இருவரும் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். நான் வேலைக்குப் போவதற்காகப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். தயீஸியா அக்கா அறை வாசலில் நின்று சொன்னாள்: "போறதுன்னா போங்க. நான் மறிக்கல. முடிவு எதுன்னாலும் வந்து மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. முக்காலியில எழுதி வெச்சிட்டுப் போயிடாதீங்க."

அன்று மாலைப் பள்ளிக்கு நான் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியது. ரிம்மா பாவ்லவ்னாவும் ஏதோ ஒரு வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு சமையலறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே முதல் பனி, தரையில் பட்டதும் சேறானது. பீப்பாய் நடையில், எல்லாரும் இடித்துக்கொள்ளும் இடத்தில் கிடந்தது. தயீஸியா அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கா ஒருத்திக்கா என்று தெரியாத அளவில், நடுவாந்திரமாக.

மணி அடிக்கவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டது, நின்றது. வாசல் கதவில் யாரோ தட்டினார்கள். இரண்டு.

"மணி எதுக்கு இருக்கு?" என்று ஆரம்பித்த ரிம்மா பாவ்லவ்னா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். புரோகோரிடம் சாவி இருந்தது. சாவி இருக்கிறவர் எங்கள் வீட்டில் தட்டியதே கிடையாது.

தயீஸியா அக்கா கத்தியை வைத்தாள். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடலாம். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் பலகைச் சுவர் தாண்டிக் கேட்கும். இரண்டும் பதில் ஆகாது என்று எனக்கே தெரிந்தது. ரிம்மா பாவ்லவ்னாவின் கை தானாகவே அகப்பையைத் தொட்டது. தொட்டுவிட்டு, சூடுபட்டது போல ஏப்ரனுக்குள் இழுத்துக்கொண்டது. அது அவர் தட்ட வேண்டியது இல்லை.

வெளியே இரண்டாம் முறை தட்டவில்லை. காத்திருந்தார்.

தயீஸியா அக்கா எழுந்தாள். அடுப்பருகே போய், கரண்டி எதையும் எடுக்காமல், ஈரக் கையின் முட்டியாலேயே இரும்புக் கதவில் தட்டினாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கை சுட்டிருக்கும். இரண்டு முறை, முழுசாகத் தட்டினாள்.

சாவி திரும்பியது.

புரோகோர் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். சமையலறை வாசலில் நின்று, அவள் சொன்னபடியே அவள் முகத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடல."

"லுக்யான்?"

"அவன் போறான். ஹோல்மகோரி ஊர்ப் பையன் ஒருத்தனக் கூட போட்டிருக்காங்க. அக்கார்டியன் வாசிப்பானாம்."

"ஐயோ பாவம்" என்றார் ரிம்மா பாவ்லவ்னா. லுக்யானுக்காகத்தான் சொன்னார். தயீஸியா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுட்ட கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். புரோகோர் உட்கார்ந்து, கத்தியை எடுத்து, மீதி உருளைக்கிழங்கை உரித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மான்தோல் அறைக்குத் திரும்பி வந்தது, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில். கட்டிலுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கிற விஷயமும் இல்லை. தயீஸியா அக்கா பாட ஆரம்பித்தாள். சில நாள் சாப்பாட்டு மேசையில் புரோகோர் பாதியில் எழுந்து போவார், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பீப்பாய் சாமான் அறைக்குப் போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க ரிம்மா பாவ்லவ்னா முட்டைக்கோஸ் எடுக்கக் கிண்ணத்தோடு போகும்போதெல்லாம் கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிற்பார். உள்ளே பீப்பாய்தான் இருக்கிறது என்று அம்மா கேலி செய்வாள். அவர் காதில் வாங்காமல், ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்துவிட்டுத் திறப்பார்.

ஜனவரியில் ஒரு நாள், வெளியே மூச்சு உறையும் குளிர். ரிம்மா பாவ்லவ்னா போய், தட்டி, நின்றார். கதவடியில் மெழுகுவத்தி வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. பதில் வரவில்லை.

கதவைத் தொடாமல், காலிக் கிண்ணத்தோடு சமையலறைக்குத் திரும்பி வந்தார்.

"இன்னிக்குப் பீட்ரூட் போதும்" என்றார் எங்களிடம்.